சேவை நிறுத்தப்படுகிறது: அறிவித்தல் யாருக்குக் கிடைக்கிறது?

வங்கியோ வைத்தியசாலையோ வாடகைக் கார் நிறுவனமோ அனுப்பும் குறுஞ்செய்தி பல வேளைகளில் அவர்களிடமிருந்து நேரடியாக எமது கைத்தொலைபேசிக்கு வருவதில்லை. இடையில் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள தொலைபேசி நிறுவனங்களோடு அதுவே ஒப்பந்தம் செய்துகொள்கிறது. மென்பொருள் எழுதுபவர்கள் தமது நிரலில் சில வரிகளைச் சேர்த்தால், குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, காணொளி அழைப்பு என எதையும் அதன் வழியாக அனுப்பலாம். அனுப்புவதற்கேற்பக் கட்டணம். இத்தகைய நிறுவனங்களில் முன்னணியில் இருப்பது 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ட்விலியோ. அதன் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் சேவையைப் பயன்படுத்தியிருக்கக் கூடும்.

இந்த நிறுவனங்கள் புதிய சேவைகளை அறிமுகம் செய்வதோடு பழையவற்றை நிறுத்துவதாகவும் அடிக்கடி அறிவிக்கின்றன. அந்த அறிவித்தல்களைப் படிப்பவர்கள் பொறியியலாளர்கள்தான். நிறுத்தத்தின் சுமை இறங்கும் இடம் பெரும்பாலும் வேறு.

ஒரு முடிவு, மூன்று அறிவித்தல்கள்

ட்விலியோவின் காணொளிச் சேவையின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவர் நோயாளியைத் திரையில் பார்ப்பது, ஆசிரியர் மாணவருக்குப் பாடம் சொல்வது போன்ற தேவைகளுக்காகப் பல நிறுவனங்கள் அந்தச் சேவையின் மீது தமது செயலிகளைக் கட்டியிருந்தன. 2023 டிசெம்பரில் ட்விலியோ ஓர் அறிவித்தலை விடுத்தது. 2024 டிசெம்பர் 5உடன் காணொளிச் சேவை நிறுத்தப்படும், வாடிக்கையாளர்கள் சூம் நிறுவனத்தின் சேவைக்கு மாறலாம் என்பதே அதன் சாரம். ஒரு வருட அவகாசம் மட்டுமே இருந்தது.

காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்கேட்டில் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது ட்விலியோவின் பங்கு விலை ஏறியது. 2021 பெப்ரவரியில் 400 டொலரைத் தாண்டிய அது, 2022 இறுதியில் 50 டொலருக்கும் கீழே விழுந்தது. 2022 செப்டெம்பரில் ஊழியர்களில் 11 சதவீதத்தினரும், 2023 பெப்ரவரியில் 17 சதவீதத்தினரும், அதே ஆண்டு டிசெம்பரில் மேலும் 5 சதவீதத்தினரும் வேலை இழந்தனர். செலவைக் குறைத்து இலாபத்தைக் காட்டுமாறு முதலீட்டு நிதியங்கள் நெருக்கின. 2024 ஜனவரியில் நிறுவுநர் ஜெப் லோசன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். காணொளிச் சேவையை மூடும் அறிவித்தல் இந்த நெருக்கடியின் நடுவேதான் வெளிவந்தது.

பின்னர் 2024இன் தொடக்கத்தில் கெடு 2026 டிசெம்பர் 5 வரை நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் மூடும் முடிவே கைவிடப்பட்டது. காணொளிச் சேவை தொடரும் என்றது நிறுவனம்.

நல்ல முடிவுதானே என்று தோன்றலாம். ஆனால் முதல் அறிவித்தலை நம்பி உடனடியாக வேறு சேவைக்கு மாறியவர்களின் நிலை என்ன? அவர்கள் பொறியியலாளர்களை அமர்த்தி, நிரலைத் திருத்தி எழுதி, பரிசோதித்து, பயனாளர்களுக்கு விளக்கமளித்து, மாதக்கணக்கில் உழைத்திருப்பார்கள். அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அறிவித்தலுக்கு முதலில் கீழ்ப்படிந்தவருக்கே அதிக நட்டம். அசையாமல் இருந்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. பெரிய நிறுவனம் இந்த நட்டத்தைத் தாங்கும். இரண்டு பேர் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் தாங்குமா?

சுருங்கிய கெடுவும் கசிந்த இலக்கங்களும்

கெடு நீளலாம் என்றால் சுருங்கவும் செய்யலாம். கணக்குகளுக்குள் நுழையும்போது கேட்கப்படும் இரண்டாவது குறியீட்டை உருவாக்கித் தரும் ஆத்தி என்ற செயலியும் ட்விலியோவுக்குச் சொந்தமானது. அதன் கணினிப் பதிப்பு 2024 ஓகஸ்ட் 19இல் நிறுத்தப்படும் என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் அந்தத் திகதி மார்ச் 19க்கு முன்னகர்த்தப்பட்டது. ஐந்து மாத அவகாசம் ஒரு திருத்தத்தில் மறைந்தது. அந்தச் செயலியில் சேமித்த இரகசியத் திறவுகளை வேறொரு செயலிக்கு ஏற்றுமதி செய்யும் வசதியும் இல்லை. வெளியேற விரும்பியவர் ஒவ்வொரு கணக்காகத் திறந்து புதிதாக அமைக்க வேண்டியிருந்தது.

நடுவில் நிற்கும் நிறுவனத்தின் பலவீனம் கடைசியில் நிற்பவரைத் தாக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்றும் உண்டு. 2022 ஓகஸ்டில் ட்விலியோ ஊழியர்கள் சிலர் போலிக் குறுஞ்செய்திகளை நம்பித் தமது கடவுச்சொற்களைக் கொடுத்துவிட்டனர். பாதுகாப்பான உரையாடலுக்குப் பெயர்பெற்ற சிக்னல் செயலி, பதிவுக் குறியீடுகளை அனுப்ப ட்விலியோவையே பயன்படுத்தியது. இதனால் சிக்னல் பயனாளர்கள் சுமார் 1,900 பேரின் தொலைபேசி இலக்கங்கள் ஊடுருவியவர்களின் பார்வைக்கு எட்டின. அவர்கள் அவற்றுள் மூன்று இலக்கங்களைக் குறிப்பாகத் தேடினர். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஊடகவியலாளர். செய்திகளின் உள்ளடக்கம் கசியவில்லை என்று சிக்னல் அறிவித்தது. ஆயினும் சிக்னலை நம்பியவர்கள், தாம் அறியாமலே இன்னொரு நிறுவனத்தையும் நம்பியிருந்தார்கள் என்பது அன்றுதான் தெரியவந்தது. கண்காணிப்புக்கு அஞ்சி இத்தகைய செயலிகளை நாடும் எமது செயற்பாட்டாளர்களும் ஊடகவியலாளர்களும் மனதிற்கொள்ள வேண்டிய நிகழ்வு இது.

அரசின் தடையும் நிறுவனத்தின் நிறுத்தமும்

இலங்கையில் வாழ்வோருக்குத் தொடர்பாடல் துண்டிக்கப்படுவது புதிதல்ல. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டம் வலுத்தபோதும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்தத் தடைகளை நாம் கண்ணால் கண்டோம். உத்தரவிட்டவர் யார் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. பாராளுமன்றத்திலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் கேள்வி எழுப்ப வழி இருந்தது.

நிறுவனம் ஒன்று சேவையை நிறுத்தும்போது அந்த வழிகள் இல்லை. பயன்பாட்டு நிபந்தனைகளில் அந்த உரிமையை அது முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. நாம் வாசிக்காமல் சம்மதம் தெரிவித்திருக்கிறோம். முடிவை எடுத்தவர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார். அவர் பதில் சொல்ல வேண்டியது பங்குதாரர்களுக்கு மட்டுமே. அரசின் தடை பெரும்பாலும் சில நாட்களில் நீங்கிவிடும். நிறுவனத்தின் நிறுத்தம் பெரும்பாலும் நிரந்தரமானது.

எந்த நிறுவனமும் எல்லாச் சேவைகளையும் என்றென்றும் நடத்த முடியாது என்பது நியாயமான வாதம். பாதுகாப்புக் குறைந்த பழைய முறைகள் கைவிடப்படத்தான் வேண்டும். எனவே கேள்வி மூடலாமா கூடாதா என்பதல்ல. எவ்வளவு காலம் முன்னதாகச் சொல்கிறார்கள், எமக்குரியதை எடுத்துக்கொண்டு வெளியேற வழிவிடுகிறார்களா, அறிவித்தல் பாதிக்கப்படுபவரைச் சென்றடைகிறதா என்பவையே கேள்விகள்.

ஸ்கைப்பை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரி 28இல் மைக்ரோசொப்ட் அறிவித்தது. மே 5இல் மூடியது. 66 நாட்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் முகத்தை ஊரிலிருந்த பெற்றோர் முதன்முதலாகத் திரையில் கண்டது பல குடும்பங்களில் ஸ்கைப் வழியாகத்தான். தொடர்புகளையும் பழைய உரையாடல்களையும் வேறொரு செயலிக்குக் கொண்டுசெல்ல அல்லது தரவிறக்கம் செய்ய வழி தரப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கின் உரிமையாளர் இறந்திருந்தால், கடவுச்சொல் யாருக்கும் தெரியாதிருந்தால், அந்த வழியால் என்ன பயன்?

எமது சாட்சியங்கள் எங்கே இருக்கின்றன?

இந்தக் கேள்வி எமக்கு மிக நெருக்கமாக வரும் இடம் ஒன்று உண்டு. 2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பாகும் காணொளிகள் 30 நாட்கள் மட்டுமே வைத்திருக்கப்பட்டு, பின்னர் தானாகவே அழிக்கப்படும் என்று மெட்டா நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்திய பழைய நேரலைகளும் படிப்படியாக அழிக்கப்படும். கணக்கு உரிமையாளருக்கு முன்னறிவித்தல் வரும். தரவிறக்கம் செய்ய 90 நாட்கள் தரப்படும். காரணம், பெரும்பாலான நேரலைகள் ஒளிபரப்பான முதல் சில வாரங்களிலேயே பார்க்கப்படுகின்றன என்பதாகும்.

வர்த்தக நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தை எண்ணிப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் நினைவேந்தல்களையும் காணி மீட்புப் போராட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். அங்கெல்லாம் யாரோ ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்தி நேரலை செய்திருப்பார். ஒரு தாய் தன் பிள்ளையை யாரிடம் கையளித்தேன் என்று சொன்ன வார்த்தைகள் அதில் பதிவாகியிருக்கும். அந்தத் தாய் இன்று உயிரோடு இல்லாமலிருக்கலாம். பல ஆண்டுகளாக யாரும் பார்க்காத காணொளி என்பதனால் அதன் பெறுமதி குறைந்துவிடாது. ஒரு விசாரணையாளர் அதைத் தேடிவரும் நாள் இன்னும் வராமலிருக்கலாம்.

மெட்டாவின் அறிவித்தல் அந்தத் தாய்க்குச் செல்லாது. நேரலை செய்தவரின் கணக்குக்கே செல்லும். அவர் நாட்டைவிட்டுப் போயிருக்கலாம், தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருக்கலாம், பாதுகாப்புக் கருதி அந்தக் கணக்கையே கைவிட்டிருக்கலாம். 90 நாட்கள் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும்.

ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத் தொழில்நுட்பத் துறையிலும் இடம்பெயர்வு என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு எம்மிடமுள்ள பொருள் வேறு, இரண்டையும் ஒப்பிடக்கூடாது. ஆனால் இடம்பெயரும்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தைப் போர்க்காலத்தில் கற்றவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கும் உதவும்.

எனவே சாட்சியங்களைச் சேகரிக்கும் அமைப்புகளும் ஊர்ச் சங்கங்களும் தனிநபர்களும் செய்யக்கூடியவை சில உள்ளன. பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் உள்ள பதிவுகளைத் தரவிறக்கி, திகதி, இடம், பேசியவர் யார் என்ற விபரங்களோடு குறைந்தது இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் நிர்வாகப் பொறுப்பு ஒருவரின் கையில் மட்டும் இருக்கக்கூடாது. பாதுகாப்பு இடமளிக்குமானால் நம்பிக்கைக்குரிய இன்னொருவரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். சிக்னல் பயன்படுத்துவோர் அதன் அமைப்புகளில் உள்ள பதிவுப் பூட்டை இயக்கி வைக்கலாம். குறுஞ்செய்திக் குறியீடு பிறர் கையில் சிக்கினாலும் அந்தப் பூட்டு கணக்கைக் காக்கும். பாவிக்காமல் விட்ட இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பதால், இலக்கத்தை மாற்றுபவர் முதலில் கணக்குகளை மாற்ற வேண்டும்.

இவை நிறுவனங்களின் பொறுப்பைக் குறைக்கமாட்டா. மனித உரிமைப் பதிவுகள் உள்ள இடங்களில் நீண்ட அவகாசமும், பாதிக்கப்படுவோரின் மொழியில் அறிவித்தலும் தரவேண்டும் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். ட்விலியோ தன் முடிவை மாற்றிக்கொண்டதில் இருந்து ஒன்று தெரிகிறது: ஒரு நிறுவனம் அறிவித்துவிட்டது என்பதற்காக எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஆனால் அங்கே எதிர்முனையில் இருந்தவர்கள் பணம் செலுத்திய வாடிக்கையாளர்கள். பணம் செலுத்தாத ஒரு தாயின் குரல் மெட்டாவின் கணக்கேட்டில் எங்கும் இல்லை. அது எங்காவது இருக்க வேண்டுமானால், அதைத் தரவிறக்கி வைக்கும் வேலையை யாராவது ஒருவர் இந்த வாரமே தொடங்க வேண்டும்.