கவுன்சிலர் வள்ளலா, ஊழியரா?

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சந்துக் குழாயில் தண்ணீர் வந்தால், "கவுன்சிலர் கொடுத்தார்" என்கிறோம். பொதுக் கழிப்பிடத்துக்குக் கதவு போட்டால், "அண்ணன் போட்டுத் தந்தார்" என்று மாலை வாங்கிக்கொண்டு ஓடுகிறோம்.

அண்ணன் தம் வீட்டுப் பணத்தையா கொட்டினார்? பணம் நம்முடையது. 2017-இல் ஆக்ட்ராய் ஒழிந்த பிறகு, அதற்கு ஈடாக மாநில அரசு மாநகராட்சிக்குப் பணம் கொடுத்துவருகிறது. நாம் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கட்டும் வரியிலிருந்து வருவதுதான் அதுவும். 2025-26-இல் மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் நமக்குச் சேர வேண்டியது பிச்சையல்ல, பங்கு.

அப்படியானால் கவுன்சிலரின் வேலை என்ன? 1888-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் நடத்துபவர் மாநில அரசு நியமிக்கும் கமிஷனர். 227 உறுப்பினர்களும் பட்ஜெட்டை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். சபையில் கேள்வி கேட்க வேண்டும். வார்டு கமிட்டியில் அதிகாரிகளை நிறுத்தி வேலை வாங்க வேண்டும். வாய் திறக்காத கவுன்சிலர், கல்யாணத்துக்கு மொய் எழுதினாலும் துக்க வீட்டுக்கு வந்து நின்றாலும், தம் கடமையைச் செய்தவர் ஆகமாட்டார்.

எதை அவரிடம் கேட்பது? குடிநீர், சாக்கடை, குப்பை, கழிப்பிடம், மாநகராட்சி மருத்துவமனை, நம் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி: இவற்றைக் கேளுங்கள். ரேஷனும் போலீசும் மாநில அரசைச் சேர்ந்தவை. தாராவி மறுசீரமைப்பை முடிவு செய்வதும் மாநில அரசே. அதற்கு எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். ஆள் மாற்றிக் கேட்டால் இருவருமே கைவிரிப்பார்கள்.

பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உங்கள் உறுப்பினர் பெண்ணானால் மனுவை அந்த அம்மையாரிடமே கொடுங்கள். நாம் ஓட்டுப் போட்டது அவர் வீட்டுக்காரருக்கு அல்ல.

2022 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அதிகாரி ஆட்சி. சந்தில் சாக்கடை பொங்கினால் நம் சார்பில் சபையில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லை. கவுன்சிலர் எதற்கு என்று சலித்துக்கொள்வோர் அந்த நாட்களை நினைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. உழைப்பது இங்கே, ஓட்டு திருநெல்வேலியில் என்று எத்தனை குடும்பங்கள்! இரண்டு ஊரில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. நிலையாக இங்கே வாழ்பவர்கள் 8-ஆம் படிவம் கொடுத்துப் பெயரை இங்கே மாற்றுங்கள். சட்டசபைப் பட்டியல்தான் மாநகராட்சித் தேர்தலுக்கும் பட்டியல். பட்டியலில் இல்லாத வீட்டின் குழாயைப் பற்றி எந்தக் கவுன்சிலரும் தூக்கம் கெடமாட்டார்.

ஆகவே, மனுவை எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். கும்பிட்டது போதும், இனிக் கணக்குக் கேட்போம்!