மூட்டையை விட்டுவிட்டு முட்டையைப் பிடிக்கிறார்கள்

முட்டையிலும் இறைச்சியிலும் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கான வரம்புகளை 2025 ஏப்ரல் 1 முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் இறுக்கியிருக்கிறார்கள். கூடாத மருந்துகளின் பட்டியலும் நீண்டிருக்கிறது. இதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் மருந்து கோழிக்குள் போகும் வாசல் தீவன மூட்டை. அதைத் திறந்து போட்டுவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் காவல் நிற்பதை எப்படிப் பாராட்டுவது?

விற்பதற்குச் சில நாள் முன்னால் மருந்தை நிறுத்தினால் எச்சம் வரம்புக்குள் இறங்கிவிடும். மாதிரி தேறிவிடும். மருந்துக்கு அடங்காத கிருமி மட்டும் கோழியின் குடலிலும் ஷெட்டின் உமியிலும் அப்படியே இருக்கும்.

பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கேளுங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனி ஆள் கொண்டுவருவது. ஷெட், கரண்டு பில், உமி, ராத்தூக்கம் இவை பண்ணையாளருடையவை. நாற்பது நாள் போல வளர்த்து எடை போட்டு ஏற்றிய பிறகு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. கேட்டால் அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குமா என்ற பயம் வேறு. இந்த மனிதர் வளர்த்த கோழியில் எச்சம் இருக்கிறதா என்றுதான் இவ்வளவு கண்டிப்பு.

சொந்தமாகத் தீவனம் அரைக்கும் நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரரின் பாடு இன்னொரு மாதிரி. செலவில் முக்கால் பங்கை நெருங்குவது தீவனம். மருந்தை எடுத்துவிட்டால் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி கிளம்பிக் குடலை அரிக்கும். ரத்தக் கழிச்சல் கண்ட கோழியில் அது இன்னும் வேகம். மாற்று இல்லாமல் இல்லை. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மன்னான் சர்க்கரையைச் சேர்த்தால், சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் குடல் சுவருக்குப் பதில் அதில் ஒட்டிக்கொண்டு கழிவோடு வெளியேறுகின்றன. காபியில் கலக்கிறோமே, அந்தச் சிக்கரி வேரில் உள்ள இனுலின், குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. அதிலிருந்து பிறக்கும் பியூட்டிரேட் குடல் செல்களுக்கு ஊட்டம். ப்ரீபயாட்டிக் என்பது இவ்வளவுதான். மந்திரம் இல்லை. ஈர உமி, கெட்ட தண்ணீர், நெரிசல் உள்ள ஷெட்டை அது காப்பாற்றாது. பண்ணைக்குப் பண்ணை பலனும் மாறும். எந்தப் பொருள், டன்னுக்கு எத்தனை கிலோ, எந்த வயதில் என்று நம்பகமாகச் சொல்ல ஆள் வேண்டிய இடம் இதுதான். இன்றைக்கு அதைச் சொல்பவர் பையை விற்க வந்தவர்.

தீவனத்தைக் கவனிக்காத இந்த அலட்சியம் புதிதல்ல. குடலில் வேலை செய்யும் வளர்ச்சியூக்கி ஆன்டிபயாட்டிக்குகளை ஐந்தாண்டில் கைவிடச் சொன்னது 2007-ஆம் ஆண்டின் கோழித் தீவனத் தரக்குறிப்பு. கட்டாயமில்லாத தரம், கேட்டவர் கேட்டார், விட்டவர் விட்டார். 2014-இல் தில்லி வட்டாரத்தில் எடுத்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருப்பதை ஒரு தன்னார்வ அமைப்பு கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை முறியடிக்கும் மரபணு சீனப் பன்றிகளில் இருப்பது 2015 நவம்பரில் உலகுக்குத் தெரிந்தது. சீனா 2017-இல் கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து நீக்கியது. மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பான அந்த மருந்தைக் கோழிக்குக் கொடுக்காதே என்று சொல்ல நம்மவர்களுக்கு 2019 ஜூலை ஆனது. மாட்டுத் தீவனத்துக்குத் தர முத்திரை கட்டாயம் என்று 2020-இல் உத்தரவு போட்டதும் இவர்களே, அதைத் தள்ளிப்போட்டதும் இவர்களே.

சுவீடன் 1986-இலேயே வளர்ச்சியூக்கிகளைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-இல். டென்மார்க்கில் அவற்றை நிறுத்தியதும், பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது, சிகிச்சை மருந்தும் கூடியது. தடை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இங்கே அறிவிக்கை எழுதுகிறவர்கள் இதைப் படித்த அடையாளம் தெரியவில்லை.

தீவனத்தைப் பகுத்துப் பார்க்கும் ஆய்வகம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் போவது பெரும்பாலும் பண்ணையாளரின் சொந்த அக்கறைதான். மூட்டைக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். அது சுகாதாரத் துறையா, கால்நடைத் துறையா என்பதை அவர்களே உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். அதுவரை, கறிக்கோழி மாதிரி தவறினால் முதல் நோட்டீஸ் ஷெட்டுக்கு வரக் கூடாது. தீவனம் அரைத்து அனுப்பிய ஆலைக்குப் போக வேண்டும்.