இலை சொல்லும் நோய்

கடைத் தொட்டியில் பச்சைப் பசேலென்று இருந்த செடி, வீட்டுக்கு வந்து பத்தே நாளில் கூழாகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன சோகம். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான்: செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் செடிக்கு மாறுகிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் காசு மிச்சம். பல நேரங்களில் அந்தச் செடி சாகவில்லை, உடை மாற்றிக்கொண்டிருக்கிறது.

காரணம் எளியது. தொட்டிச் செடிகளில் பலவற்றை நாற்றங்காலில் நீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் காற்றுக்கு ஏற்றவை. நீரில் மூழ்கியதும் அவை அழுகி உதிரும். மெல்லிய புது இலைகள் பிறகு வரும். இலங்கை ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட கிரிப்டோகோரைன் இதில் ரொம்பவே செல்லம். இடம் மாறினாலே இலையெல்லாம் கரைந்துவிடும், ஆனால் வேர் உயிரோடிருக்கும். மண்ணிலிருந்து பிடுங்காமல் மூன்று, நான்கு வாரம் விட்டால் துளிர்க்கும். அழுகிய இலைகளை மட்டும் உடனுக்குடன் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அழுகலிலிருந்து வரும் அம்மோனியா மீன்களுக்கு விஷம்.

செடி உயிரோடிருக்கிறதா என்று அறிய வேரடியை விரலால் அழுத்திப் பார்த்தால் போதும். கெட்டியாக இருந்தால் நம்பலாம். கறுத்து, குழைந்து, நாற்றமடித்தால் விடைகொடுக்கலாம்.

புதுச் செடியின் கதை இது. மாதக்கணக்கில் நன்றாக இருந்த செடி நலிந்தால் அது வேறு. அப்போது பார்க்க வேண்டியது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதை. இந்த வித்தை சித்தூர் வட்டாரத்து வேர்க்கடலை விவசாயிகளுக்குப் புதிதல்ல. சுண்ணாம்பு மண்ணில் கடலையின் கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு என்று கண்டு அன்னபேதிக் கரைசல் தெளிப்பது வழக்கம். தொட்டிக்குள்ளும் அதே இலக்கணம்தான். இரும்பு ஓரிலையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் நகராது. அதனால் புது இலைதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் நகரக்கூடியவை. அவை குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உறிஞ்சிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அடி இலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. அடி இலையில் ஊசி குத்தியது போன்ற ஓட்டைகள் விழுந்து, ஓரம் காய்ந்தால் சாம்பல் சத்து போதவில்லை.

மருந்தில் மட்டும் வயலையும் தொட்டியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூரியாவை ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று தோன்றும். அது அம்மோனியாவாக மாறி மீன்களைக் கொன்றுவிடும். மீன் தொட்டிக்கென்றே விற்கும் திரவ உரத்தை, குறிப்பிட்ட அளவில் பாதியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது.

அடுத்த சந்தேக நபர், தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் போர்வெல் நீர் என்றால், அது கடின நீர். அதில் இரும்பு கரைந்து நிற்காமல் படிந்துவிடும். எனவே உரம் வாங்கும்போது டி.டி.பி.ஏ. வகை இரும்பு இருக்கிறதா என்று பார்க்கலாம், இ.டி.டி.ஏ. வகை கார நீரில் அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காது. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரில் கவலையின்றி வளரும். கேரளத்தின் சிவப்பு ரொட்டாலா மக்ராண்டிராவுக்கு மென்மையான நீர் வேண்டும். அதற்கு ஆர்.ஓ. நீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் வேண்டாம். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிறகு, வெயில். திருப்பதியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்குப் பிடித்தது 22 முதல் 28 டிகிரி வரை. நீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும்; இரவில் செடிகளும் அதையே சுவாசிப்பதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரிவது பாசிக்கு விருந்து. ஜன்னல் வெயிலும் அப்படியே.

நடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டின் தண்டுக்கிழங்கையும் மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டினால் தாமாகப் பற்றிக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டு. 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்க மீன்கள், வாலிஸ்னேரியா, நத்தைகள் மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றதற்கு உணவாவதை விளக்கினார். பிளாஸ்டிக் செடியால் அது முடியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அதிகமாக வளர்ந்த செடியை ஏரியிலோ கால்வாயிலோ வீசக் கூடாது. ஆகாயத்தாமரை அழகுக்காக வந்து நீர்நிலைகளை அடைத்தது ஊரறிந்த கதை. 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவள பாண்டியில் இளஞ்சிவப்புப் பூக்கள் வாய்க்காலை மூடின. கூட்டம் கூட்டமாக வந்து படமெடுத்தார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா, தொட்டிகளில் வளர்க்கும் செடி. துண்டுத் தண்டு போதும், முளைத்துவிடும். மழை பொய்த்தால் ஏரியை நம்பியிருக்கும் சித்தூர் வட்டாரத்துக்கு அந்த அழகு கட்டுப்படியாகாது. வெட்டிய தண்டுகளை மொட்டை மாடியில் நன்கு உலர்த்தி, ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போடலாம்.