ஒரு துறைமுகத்தை எத்தனை பேரால் வகுப்பது?

நவம்பர் பிறந்துவிட்டால் காலை நிகழ்ச்சியில் எனக்கு ஒரு வேலை கூடும். வானிலை அறிக்கையோடு கடல் எச்சரிக்கையையும் வாசிக்க வேண்டும். கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரம் பலத்த காற்று, அலை இத்தனை மீட்டர், சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம். பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாசித்து முடித்த கையோடு பாட்டைப் போட்டுவிட்டுக் காப்பியைத் தேடுவேன். நம் நேயர்களில் எத்தனை பேர் படகு வைத்திருக்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்தான். அடுத்த வாரம் யாராவது ஓர் அக்கா அழைத்து, “என்ன தம்பி, கெம்போங் விலை இப்படி ஏறிக்கிட்டுப் போகுது?” என்று கேட்கும்போதுதான் அந்த அறிக்கைக்கும் நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் உள்ள தொடர்பு நினைவுக்கு வரும்.

என்னைப் போன்ற அறிவிப்பாளர் தேவைப்படாத ஓர் ஊர் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் கடல் அமைதியாக இருந்தால், தொங்கவிட்டிருக்கும் ஒரு பழைய கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் அடிப்பார்கள். ‘டாங்’ என்று அதற்குப் பெயர். சத்தம் கேட்டால் இன்று மீன்பிடி நாள். கேட்காவிட்டால் புரண்டு படுத்துக்கொள்ளலாம், அல்லது உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போகலாம். பாட்டும் இல்லை, விளம்பர இடைவேளையும் இல்லை.

டிரிஸ்டான் ட குன்ஹா. தென் அட்லாண்டிக் கடலின் நடுவில் பிரிட்டனுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. சுமார் 240 பேர், ஒரே ஊர். விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல். நாம் நான்கு மணி நேரத்தில் பறந்துவிடுகிறோம். அவர்களுக்குக் கப்பலில் ஒரு வாரம் ஆகிறது, அதுவும் ஆண்டில் சில முறைதான் கப்பல்.

அந்த ஊருக்கு வருமானம் சிங்கி இறால், அதாவது நாம் கல்யாண விருந்தில் தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் பிடிக்கிற லாப்ஸ்டர் வகை. அதைக் கரை சேர்க்க ஒரே ஒரு குட்டித் துறைமுகம். துறைமுகம் என்றதும் கிள்ளானை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலிருந்து சாமான்களைச் சிறு படகிலும் மிதவையிலும் இறக்கிக் கொண்டுவர வேண்டும். மீன்பிடிப் படகுகளைக்கூட இரவில் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது. வேலை முடிந்ததும் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் வைக்கிறார்கள். ஆண்டில் ஏறக்குறைய 60, 70 நாட்கள்தான் அந்தத் துறைமுகம் பயன்படும் நிலையில் இருக்குமாம். மீதி நாட்களில் அலைதான் உள்ளே வந்து போகிறது.

அந்த அலை சும்மாவும் வந்து போவதில்லை. சுவரைத் தின்கிறது. கல்லைக் கொட்டினால் புரட்டுகிறது, கான்கிரீட் போட்டால் அடியில் மண்ணை அரிக்கிறது. 2008இல் நிலைமை மோசமாகி, பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களே கப்பலேறி வந்து அவசரமாகப் பழுது பார்த்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மீன் தொழிற்சாலையும் எரிந்துபோனது. ஊருக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டர்கள் அதற்குள்தான் இருந்தன. புதிய தொழிற்சாலை அடுத்த ஆண்டு வந்துவிட்டது. துறைமுகச் செலவுக்கு மட்டும் முடிவே இல்லை. சிமெண்ட், கம்பி, இயந்திரம், அதை ஓட்டும் ஆள் என எல்லாமே கடல் தாண்டித்தான் வர வேண்டும். வந்த கப்பல் அலை தணியும்வரை வெளியே காத்து நிற்க வேண்டும். நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு. இதில் வேடிக்கை என்னவென்றால், துறைமுகத்தைச் சரிசெய்ய வரும் சாமானும் அந்தப் பழுதான துறைமுகத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

நம் கிழக்குக் கரை மீனவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது, படகு தரை தட்டுகிறது, தூர் வாருகிறார்கள். அடுத்த பருவமழை அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. மறுபடி தூர் வார மறுபடி பணம்.

இதையெல்லாம் நிலையத்தில் ஒரு தயாரிப்பாளர் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டார்.

“240 பேருக்கா? அவங்களை எல்லாம் கேப் டவுனுக்கே கொண்டு போய் வெச்சிடலாம்லா. ஆளுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தாலும் மிச்சம்தான்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தீவான செயின்ட் ஹெலினா (பக்கத்து என்றால் 2,400 கிலோமீட்டர்) கதையைக் கேட்டால் யாருக்கும் கணக்குப் போடத்தான் தோன்றும். சுமார் 4,500 பேர் வாழும் அந்தத் தீவில் பிரிட்டன் 28 கோடியே 50 லட்சம் பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டியது. கட்டி முடித்த பிறகு பார்த்தால், ஓடுபாதையில் காற்று திடீர் திடீரென்று திசை மாறுகிறது. பயணிகள் விமானச் சேவை தள்ளிப்போய் 2017 அக்டோபரில்தான் தொடங்கியது. வரி கட்டும் மனிதனுக்குக் கோபம் வரும், வர வேண்டியதும்தான்.

ஆனால் நண்பர் சொன்ன யோசனை ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த விஷயம். 1961 அக்டோபரில் அந்தத் தீவில் எரிமலை வெடித்தது. 264 பேரையும் அப்புறப்படுத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட் என்ற இடத்தில் குடியமர்த்தினார்கள். வேலை, மின்விளக்கு, டாக்டர், கடை எல்லாம் இருந்தன. எரிமலைக் குழம்பு ஊர் வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இறால் தொழிற்சாலையையும் படகு இறக்கும் கரையையும் மூடிவிட்டிருந்தது. பிழைப்பும் போய், வாசலும் போன ஊர். 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். திரும்பிப் போக வேண்டும் என்று 148 பேர். வேண்டாம் என்று 5 பேர்.

போனார்கள். புதிதாக ஒரு துறைமுகம் 1967இல் கட்டப்பட்டது. இன்று சுவர் இடிந்து இடிந்து செலவு வைக்கும் துறைமுகம் அதுதான். அதற்கு வைத்த பெயர் கால்ஷாட். பின்னாளில் சிலர் மனம் மாறி இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் அந்தக் காற்றும் குளிரும் ஒத்துவருமா?

நண்பரின் கணக்கில் எனக்கு இடித்தது வேறொன்று. துறைமுகச் செலவை மீனவர் எண்ணிக்கையால் வகுக்கிறோம். அந்த ஊரில் கிழவிக்கு மருந்து அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. மாவு, டீசல், பள்ளிப் புத்தகம், கடிதம், எல்லாம். நெஞ்சுவலி வந்தவரைப் படகில் இறக்கிக் கப்பலேற்றி கேப் டவுன் அனுப்புவதும் அதன் வழியாகத்தான். அதை மீன்பிடி வசதி என்ற தலைப்பில் எழுதி, ஒரு கிலோ இறாலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் நிச்சயமாக நட்டம் என்றுதான் விடை வரும்.

இந்தக் கணக்கு நமக்கும் பழக்கமானது. பிள்ளைகள் குறைந்த தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தலைக்கு எவ்வளவு என்று வகுக்க ஆரம்பிப்பார். என் அம்மா படித்த தோட்டத்துப் பள்ளியையும் அப்படித்தான் வகுத்தார்கள். கணக்கில் தவறே இல்லை, பிள்ளைகள் குறைவுதான். பேருந்து ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்பினார்கள். “பள்ளிக்கூடம் போச்சு. அப்புறம் மளிகைக்கடைக்காரர் போனார். அப்புறம் பஸ் வரல. அப்புறம் நாங்களும் கிளம்பிட்டோம்” என்று அம்மா சொல்வார். யாரும் அவர்களை விரட்டவில்லை. இப்போது அங்கே செம்பனைக்கு நடுவே ஒரு முனீஸ்வரன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பூசைக்குப் போகிறோம், காடி போகிற அளவுக்குப் பாதை இருந்தால்.

அதனால்தான் அந்த 148 பேர் எனக்குப் புரிகிறார்கள். கரையே இல்லாத ஊருக்குத் திரும்பக் கேட்டார்கள், கேட்டது கிடைத்ததால் ஊர் இன்னும் இருக்கிறது. அந்தச் செலவை எத்தனை தலைமுறைக்கு யார் கட்டுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிரிட்டனின் வரிப்பணத்துக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

நண்பர் இன்னும் மசியவில்லை. “சரி, அடுத்த தடவை சுவர் இடிஞ்சா?” என்றார். மறுபடி கட்டுவார்கள் என்றேன். கால்குலேட்டரை மூடிவிட்டு, மணியாகிவிட்டது, மைக்குக்குப் போ என்றார்.

அன்று கடல் எச்சரிக்கை இருந்தது. வழக்கமான வேகத்தில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மாவட்டப் பெயர்களை மறுபடி ஒருமுறை மெதுவாக வாசித்தேன். பாட்டு 20 விநாடி தாமதமானது.