ஆம்ஸ்டர்டாமும் கட்டற்ற சுதந்திரம் என்னும் கட்டுக்கதையும்

ஐரோப்பாவில் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து இரண்டு இரவுகள் தங்கிக் களித்துத் திரும்புவதற்குத் தேர்ந்தெடுக்கும் தலைநகரங்களுள் ஆம்ஸ்டர்டாம் முன்வரிசையில் நிற்கிறது. அந்நகரில் எதற்கும் தடை இல்லை, கஞ்சாவும் பாலியல் தொழிலும் சட்டத்தின் முழு ஆதரவோடு நடக்கின்றன, ஆகவே வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கி ஞாயிறு இரவு விமானம் ஏறும் ஒருவர் தம் ஊரில் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடுகளை அங்கே கழற்றி வைத்துவிடலாம் என்னும் நம்பிக்கைதான் அந்தத் தேர்வுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. பயணம் முடித்து வந்தவர்கள் சொல்லச் சொல்லப் பரவிய இந்த நம்பிக்கை சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் முரணானது. அந்நகரில் வாழ்வோருக்கு அநீதி இழைப்பதும் ஆகும்.

நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்படி தடைசெய்யப்பட்ட பொருளே. 1976இல் அந்நாட்டின் அபினிச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஹெராயின் போன்ற கடும் போதைப்பொருள்களும் கஞ்சா, ஹஷீஷ் போன்ற மென் போதைப்பொருள்களும் தனித்தனி வகைகளாகப் பிரிக்கப்பட்டன. கஞ்சா தேடிப் போகும் இளைஞர் ஹெராயின் விற்பவரிடம் சிக்கிவிடாதபடி இரு சந்தைகளையும் விலக்கி வைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஏட்டில் குற்றமாக இருப்பதை, வகுத்த நிபந்தனைகள் மீறப்படாத வரை, தண்டிக்காமல் பொறுத்துக்கொள்வதை டச்சு மொழியில் 'கெடோகென்' என்பர். 'காஃபி ஷாப்' என்று அங்கே அழைக்கப்படும் கஞ்சாக் கடைகள் இந்தப் பொறுத்தலின் கீழ்தான் இயங்குகின்றன: அவை விளம்பரம் செய்யக் கூடாது, 18 வயது நிரம்பாதவரை உள்ளே விடக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரக் கூடாது. முன்வாசலில் விற்பது பொறுக்கப்படுகிறது என்றாலும், பின்வாசல் வழியாக அக்கடைகளுக்குச் சரக்கு வருவது ஆம்ஸ்டர்டாமில் இன்றும் குற்றமே. பாலியல் தொழில் விடுதிகளுக்கு இருந்த பொதுத் தடை 2000இல் நீக்கப்பட்டபோதும், அதன் இடத்தில் உரிமம், ஆய்வு, வயது வரம்பு என்று ஓர் ஒழுங்குமுறை வந்தது. எதுவும் செய்யலாம் என்று சொல்லப்படும் நகரில் எதைச் செய்வதற்கும் ஒரு விதி இருக்கிறது.

இந்தப் பொறுத்தலுக்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. 1578இல் ஆம்ஸ்டர்டாமின் ஆட்சி கத்தோலிக்கரிடமிருந்து சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கைக்கு மாறிய பின், கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடுவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தேவாலயமாகத் தெரியாத கட்டடத்துக்குள் அவர்கள் கூடினால், நகர ஆட்சியினர் கண்டும் காணாமல் இருந்தனர். இவ்வாறு எழுந்த மறைவுத் தேவாலயங்களுள் ஒன்று, சிவப்பு விளக்குப் பகுதி என்று உலகறிந்த டி வாலனுக்குள்ளேயே, கால்வாயோரத்தில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1661க்கும் 1663க்கும் இடையில் யான் ஹார்ட்மன் என்னும் வணிகர் மாற்றியமைத்த அந்த வீடு வெளியே மற்ற வணிகர் வீடுகளைப் போலவே தோன்றுகிறது. குறுகிய படிகளில் ஏறி மேல்தளங்களை அடைந்தால், முன்வீட்டையும் பின்வீடுகள் இரண்டையும் இணைத்த கூரைக்கு அடியில் முழுத் தேவாலயம் ஒன்று விரிகிறது. இருக்கைகள் கொண்ட மேல்மாடங்கள் கூரையிலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிகளால் தாங்கப்படுகின்றன. பிரசங்க மேடையோ பீடத்துத் தூணின் அடிப்பகுதிக்குள் மறைந்திருந்து, வேண்டும்போது வெளியே திருப்பப்பட்டு, வேலை முடிந்ததும் உள்ளே ஒடுங்குகிறது. 1887இல் பெரிய புனித நிக்கோலாஸ் தேவாலயம் திறக்கப்படும் வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, இங்கே வழிபாடு நடந்தது. சம உரிமை என்னும் அளவுகோலில் இந்த ஏற்பாடு குறைபட்டதுதான். எனினும், ஒரு தரப்பு கண்ணை மூடிக்கொள்வதும் மறுதரப்பு குரலைத் தாழ்த்திக்கொள்வதும் ஒருசேர நிகழ்ந்தால் மட்டுமே பொறுத்தல் நிலைக்கும் என்பதை அந்தப் பிரசங்க மேடை கண்முன் காட்டுகிறது.

இரண்டு நாள் விருந்தாளி உடைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். பொறுத்தல் என்பது நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்களுக்கு இடையிலான உடன்பாடு. இன்று வரம்பு மீறியவர் நாளை அதே தெருவில் நடந்தாக வேண்டும் என்னும் கூச்சமே அதன் காவல். ஞாயிறு இரவு புறப்பட்டுவிடுபவருக்கு அந்த நாளை இல்லை. குழுவாக வருபவருக்கு ஊராரின் பார்வையும் ஒரு பொருட்டாவதில்லை. அவர் மதிக்கும் பார்வையாளர்கள் அவரோடு அதே விமானத்தில் வந்துவிட்டனர். தனியாக நடந்தால் தணிந்திருக்கும் குரல் பத்துப் பேர் நடுவே தானாக உயர்கிறது. 1306இல் அர்ப்பணிக்கப்பட்ட ஓடெ கெர்க் என்னும் பழைய தேவாலயத்தைச் சுற்றியுள்ள குறுகிய சந்துகளில், கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் பெண்கள் தொழில் செய்கின்றனர், மேல்மாடிகளில் மக்கள் குடியிருக்கின்றனர். நள்ளிரவுக் கூச்சலும் வாசற்படியில் கழிக்கப்பட்ட சிறுநீரும் சன்னலை நோக்கி நீட்டப்படும் கைபேசியும் அவர்களுடைய அன்றாடமாகிவிட்டன. இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான்.

நகரம் தந்த விடையும் தெளிவானது. பலர் சுற்றி அமர்ந்து மிதித்துக்கொண்டே குடிக்கும் பீர் வண்டிகள் 2017இல் நகர மையத்தில் தடைசெய்யப்பட்டன. பாலியல் தொழிலாளரின் சன்னல்களைக் காட்டிச் செல்லும் வழிகாட்டிச் சுற்றுலாக்கள் 2020இல் நிறுத்தப்பட்டன. 2023 மே மாதம் முதல் டி வாலன் தெருக்களில் கஞ்சா புகைக்கத் தடை வந்தது. அதே ஆண்டு மார்ச்சில், கும்மாளம் தேடி வருவோர் வரவேண்டாம் என்று, 18 முதல் 35 வயது வரையிலான பிரிட்டிஷ் ஆண்களை முதல் இலக்காகக் கொண்டு, நகராட்சியே விளம்பரம் செய்தது. ஒரு நகரம் விருந்தினரைப் பார்த்து 'விலகி இருங்கள்' என்று சொல்லும் நிலை எளிதில் வருவதில்லை.

நகரமே தன்னை விற்றது, வந்தவர்கள் பணம் செலவழித்தார்கள், பின்னர் ஏன் இந்தக் குறை என்று கேட்பவர் உண்டு. 2004 முதல் பல ஆண்டுகள் ஆம்ஸ்டர்டாம் தன்னை உலகெங்கும் விளம்பரப்படுத்தியது உண்மை. அந்த விளம்பர வாசகத்தைத் தாங்கி அருங்காட்சியகச் சதுக்கத்தில் நின்ற பேரெழுத்துகளை 2018 டிசம்பரில் அகற்றியதும் அதே நகரம்தான். பணத்தைப் பொறுத்தவரை, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்: குடியிருப்போருக்குப் பயன்படும் கடைகளின் இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கான தின்பண்டக் கடைகளும் பாலாடைக்கட்டிக் கடைகளும் பிடித்துக்கொண்டே போனதால், மையப்பகுதியில் அத்தகைய புதிய கடைகளுக்கு 2017இல் தடை விதிக்க வேண்டியதாயிற்று. தங்கும் கட்டணத்தில் 12.5 விழுக்காடாக 2024இல் உயர்த்தப்பட்ட சுற்றுலா வரியும் குப்பை அகற்றும் செலவுக்குக் கைகொடுக்கலாம். இழந்த உறக்கத்தை அதனால் ஈடுசெய்ய முடியாது. அழைப்பு விடுத்த வீட்டிலும் விருந்தினருக்கு வரம்பு உண்டு.

நண்பர்களோடு ஒரு புது நகரைக் காண்பது இளமையின் நல்ல இன்பங்களுள் ஒன்று. குறுகிய நாள்களும் அதற்குக் குற்றமில்லை. அந்த மறைவுத் தேவாலயத்தைக் கண்டு திரும்ப இரண்டு மணி நேரம் போதும். வழிபாடு முடிந்து அங்கிருந்து இறங்கிய கத்தோலிக்கர், தங்களைப் பொறுத்துக்கொண்ட ஊரின் தெருவில் அமைதியாகக் கலந்தனர். இன்று அதே தெருவில் நடக்கும் நண்பர் குழுக்களிடம் அந்நகரம் கேட்பது அந்த அமைதியையே.