மூக்கில் புண்ணும் கதவு ஸ்பொஞ்சும்

சென்ற கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடித்து வந்த, தெரிந்த அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மூக்குத் தண்டில் காய்ந்த புண். என்னவென்று கேட்டேன்.

"மகள் கனடாவிலயிருந்து அனுப்பின மூச்சு மெஷின், பிள்ளை. முகமூடி அழுத்துது. கதவுக்கு ஒட்டுற ஸ்பொஞ்சை வெட்டி உள்ளுக்கு ஒட்டினனான்."

"டொக்டரிட்டைக் காட்டேல்லையோ?"

"இதைப் போய்க் கேக்க வெக்கமாக் கிடந்தது."

சகோதரிகளே, குறட்டை விடும் பெண் என்ற பெயருக்கு அஞ்சி நம்மவர் பலர் இதை மறைக்கிறார்கள். தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு அடிக்கடி நின்றுபோவது ஒரு நோய். காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் உலகுக்கு அறிவித்தார். அன்று முகமூடியை ஒவ்வோர் இரவும் பசையால் மூக்கிலேயே ஒட்டினார்கள். ஆனால் அது மருத்துவத்துக்கான சிலிக்கோன் பசை.

கதவு ஸ்பொஞ்சின் பசை தோலுக்கென்று செய்யப்பட்டதல்ல. வியர்வையிலும் ஈரக் காற்றிலும் இரவு முழுக்கக் கிடந்தால் தோல் தடிக்கும், அரிக்கும். ஸ்பொஞ்சும் உதிரும். 2021 யூனில் பிலிப்ஸ் நிறுவனம் இலட்சக்கணக்கான மூச்சுக் கருவிகளைத் திருப்பி அழைத்தது. இரைச்சலைக் குறைக்க உள்ளே வைத்த பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச் சிதைந்து, துகளும் ஆவியும் மூச்சுக் காற்றில் கலக்கலாம் என்பதே காரணம். வெக்கையும் ஈரமும் அந்தச் சிதைவைக் கூட்டும். நம் தீவுகளில் இரண்டுக்கும் குறைவில்லை. இன்னொன்று, முகமூடியிலுள்ள சிறு துளைகள் வெளிவிடும் மூச்சு போவதற்கானவை. எதை ஒட்டியும் அவற்றை அடைக்கக்கூடாது.

"மெஷின் புதிசோ, அம்மா?"

"மருமகன்ர தகப்பன் பாவிச்சது."

அப்போதுதான் புண்ணின் காரணம் விளங்கியது. ஆணின் முகத்துக்கான அளவு. காற்று கசிய, அம்மா பட்டியை இறுக்கியிருக்கிறார். காற்றழுத்தமும் அந்த ஐயாவுக்கு வைத்ததாகவே இருக்கும். அதை வைத்தியர்தான் மாற்றவேண்டும். மெஷின் திருப்பி அழைக்கப்பட்டதா என்று அதன் இலக்கத்தைக் கொண்டு மகள் விசாரிக்கலாம்.

அதுவரை பட்டியைச் சற்றுத் தளர்த்தி, மெல்லிய பருத்தித் துணி வைக்கலாம் என்றேன். படுக்குமுன் முகத்தில் எண்ணெயோ கிறீமோ வேண்டாம், மெத்தை வழுக்கும். அதைத் தினமும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவவேண்டும். புண் மேல் ஒட்டும் மருத்துவப் பட்டைகளும் உண்டு, தாதியிடம் கேட்கலாம்.

படகு வந்தது. "மகளிட்டை என்னெண்டு சொல்ல?" என்று ஏறும்போது கேட்டார். மெத்தையின் ஓரத்தில் பெரும்பாலும் அளவு அச்சிட்டிருக்கும், அதற்குச் சிறியது வேண்டுமென்று சொல்லுங்கள் என்றேன். அடுத்த கிளினிக்குக்கு முகமூடியையும் பையில் கொண்டுபோவதாகச் சொன்னார்.