காலை உடைத்துக்கொள்!

போன ஆடியில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. மேடையேற என் மகள் வயிற்றுப் பேத்தி சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறாள். சென்னையிலிருந்து அவள் மாமா, அதாவது என் மகன், போனில் "பிரேக் எ லெக், கண்ணு!" என்றான்.

"அப்படின்னா என்னடி?" என்று கேட்டாள் என் மனைவி.

"காலை உடைச்சுக்கோன்னு அர்த்தம் பாட்டி."

அவ்வளவுதான். "ஆடப்போற பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது?" என்று ஆரம்பித்தவள், வாசலூர்பட்டி வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை.

ஆங்கில நாடகக்காரர்கள் மேடையேறுபவரை நேரடியாக வாழ்த்த மாட்டார்கள். வாழ்த்தினால் கெட்டது நடந்துவிடும் என்று பயம். அதனால்தான் தலைகீழ் வாழ்த்து. 1865-ல் லிங்கனைச் சுட்ட நடிகர் பூத், மேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டதில் பிறந்த சொல் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. 1921-ல் ராபர்ட் லிண்ட் என்ற கட்டுரையாளர் இதைக் குதிரைப் பந்தயக்காரர்களின் வழக்கமாக எழுதியிருக்கிறார். ஜெர்மானியர்களோ "கழுத்தும் காலும் முறியட்டும்" என்றே வாழ்த்துவார்கள். அவர்களுக்கு லிங்கன் என்ன உறவா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் மோலியேர் நாடகம் போட்டபோது ஆசிரியர் எங்கள் காதில் சொன்ன வாழ்த்து "மெர்த்". பொருள், மலம்! அந்தக் காலத்தில் அரங்க வாசலில் குதிரை லத்தி குவிந்தால் உள்ளே நல்ல கூட்டம் என்று அர்த்தமாம். அதற்குப் பதிலாக நன்றியும் சொல்லக்கூடாது.

இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள் என் அம்மா. கடைசிவரை "தவிட்டுக்கு வாங்கினது" என்றுதான் கூப்பிட்டாள். குப்பன், பிச்சை என்று பெயர் வைத்தவர்களும் பிள்ளையை வெறுத்தா வைத்தார்கள்? எமன் கண்ணுக்கு மறைத்தார்கள். வார்த்தையை மட்டும் பெயர்த்தால் அது சாபம். சொல்பவர் மனதையும் சேர்த்துப் பார்த்தால் வாழ்த்து.

இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டம்மா வந்து, "உங்க பேத்தி என்னமா ஆடினா!" என்றார்.

"என்னத்த ஆடினா? காலே சரியா வரல" என்றாள் என் மனைவி.

அன்று மாலையே பேத்திக்குத் திருஷ்டியும் சுற்றிப் போட்டாள்.